பிரஷர் ஏறினால் போதாது: பெரும் ரத்தப்போக்கில் இதயத்தைக் காக்கும் கணக்கு

களியக்காவிளை – நாகர்கோவில் சாலையில் ஒரு பைக் விபத்து என்று வைத்துக்கொள்வோம். ஓட்டியவருக்குத் தொடை எலும்பு முறிந்து இடுப்பிலும் அடி. நெஞ்சில் ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், டிரிப்ஸ் ஏற்றினார்கள், ரத்தமும் கிடைத்தது, ‘பிரஷர் வந்துவிட்டது’ என்றும் சொன்னார்கள். அப்புறம் இரவில் இதயம் நின்றுவிட்டது. மறுநாள் பத்திரிகையில் ‘மாரடைப்பால் உயிரிழந்தார்’ என்று ஒரு வரி.

இது கற்பனைதான். ஆனால் இதே வரிசையில் உண்மையிலேயே நடக்கும்போது, அவசரப் பிரிவுக்கு வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் மூன்று கேள்விகளோடு நிற்கிறார்கள்:

1. அடிபட்டது காலில்தானே, இதயம் ஏன் நின்றது?
2. பிரஷர் குறைவாக இருந்தபோது டிரிப்ஸை மளமளவென்று ஏற்றாமல் ஏன் நிதானமாக விட்டார்கள்?
3. ரத்தம் கிடைத்து, பிரஷரும் ஏறிய பிறகு என்ன கோளாறு?

ரத்தம் இழந்த உடலில் இதயம் தனக்கான ரத்தத்தை எப்படிப் பெறுகிறது என்று தெரிந்தால் மூன்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் ஒரு சொல் திருத்தம்

மாரடைப்பு என்றால் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு. பெரும்பாலும் உள்ளே படிந்த கொழுப்பு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து வழி மூடிக்கொள்ளும். பெரும் ரத்தப்போக்கில் குழாய் திறந்தேதான் இருக்கும், அதில் ஓடுவதற்கு ரத்தம் இருக்காது. கடைசியில் இதயம் நிற்கிறது. அதை ‘இதயத் துடிப்பு நின்றது’ என்று சொல்வதுதான் சரி. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவதால் ‘அவருக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்திருக்கும்’ என்று வாசகர் முடிவு கட்டிவிடுகிறார்.

இடையில் ஒரு நிலையும் உண்டு. ரத்தம் குறைந்து ஆக்சிஜன் எட்டாததால் இதயத் தசை கொஞ்சம் சேதமாகி, ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அடைப்பே இல்லாதவருக்கும் ட்ரோபோனின் பரிசோதனை உயர்ந்து வருவதற்கு இது ஒரு காரணம்.

எவ்வளவு போனால் ஆபத்து

பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 70 மி.லி. ரத்தம். 70 கிலோ ஆளிடம் ஏறக்குறைய 5 லிட்டர். விபத்து சிகிச்சையில் இழப்பை நான்கு படிகளாகப் பார்ப்பார்கள்:

1. 15 சதவீதம் வரை, அதாவது சுமார் 750 மி.லி.: பெரிதாக ஒன்றும் தெரியாது.
2. 15 முதல் 30 சதவீதம்: நாடி வேகமாகும், கைகால் சில்லிடும், படபடப்பு வரும். மேல் பிரஷர் இன்னும் சரியாகவே காட்டும்.
3. 30 முதல் 40 சதவீதம்: இப்போதுதான் பிரஷர் இறங்கத் தொடங்கும். ஆள் குழம்பிப் பேசுவார்.
4. 40 சதவீதத்துக்கு மேல்: உடனே தடுக்காவிட்டால் உயிர் போகும்.

இரண்டாவது படிதான் ஏமாற்றுக்காரப் படி. ஒன்றரை லிட்டர் வரை போயிருக்கும். ‘120/80 இருக்கே, பயப்பட ஒன்றுமில்லை’ என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொண்டிருப்பார். ஹீமோகுளோபினும் அப்படித்தான். வெளியேறுவது முழு ரத்தம் என்பதால், உள்ளே மிஞ்சியிருப்பதன் அடர்த்தி மாறுவதில்லை. அரை வாளி பால் சிந்திவிட்டால் மீதிப் பால் நீர்த்துப்போவதில்லை அல்லவா? திசுக்களிலிருந்து நீர் ரத்தத்துக்குள் இறங்கிய பிறகுதான், அல்லது டிரிப்ஸ் ஏற்றிய பிறகுதான், ஹீமோகுளோபின் எண் சரியும்.

அதனால்தான் மருத்துவர்கள் நாடித் துடிப்பை மேல் பிரஷரால் வகுத்துப் பார்க்கிறார்கள். சாதாரணமாக 0.5 முதல் 0.7 வரை வரும். நாடி 120, மேல் பிரஷர் 110 என்றால் விடை 1-ஐத் தாண்டுகிறது. பிரஷரை மட்டும் பார்த்தால் நல்ல நிலை. வகுத்துப் பார்த்தால் அபாயம்.

பிரஷர் இவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது எப்படி? பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் குறைந்தால் சானல்களின் ஷட்டர்களை ஒவ்வொன்றாக இறக்குவார்கள். உடலும் தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்புகிறது. கடைமடை காய்ந்துகொண்டிருக்கும், தலைமடையில் அளக்கும் நமக்கு நீர்மட்டம் சரியாகத் தெரியும்.

இதயம் எப்போது சாப்பிடுகிறது

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மற்ற உறுப்புகளுக்கு இதயம் சுருங்கும்போது ரத்தம் பாய்கிறது. இதயத்தின் முக்கிய அறையான இடது கீழறையின் தசைக்கோ, பெரும்பாலும் அது தளரும்போதுதான் பாய்கிறது. சுருங்கும் தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்வதே காரணம். ஆக, இதயத்தின் உணவு இரண்டைப் பொறுத்தது: தளர்ந்திருக்கும் நேரம் எவ்வளவு, அந்த நேரத்தில் தமனியில் அழுத்தம் எவ்வளவு. அந்த அழுத்தத்தைத்தான் நாம் கீழ் பிரஷர் என்கிறோம். வீட்டில் எல்லோரும் மேல் எண்ணைக் கேட்கிறார்கள். இதயம் சாப்பிடுவது கீழ் எண்ணில்.

நாடி 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 வினாடி, அதில் அரை வினாடிக்கும் மேல் ஓய்வு. நாடி 150 ஆனால் ஒரு துடிப்புக்கு 0.4 வினாடிதான். சுருங்குவதற்கான நேரம் அவ்வளவாகக் குறையாது. வெட்டு விழுவது ஓய்வில். ரத்தம் இழந்த இதயம் இரண்டு மடங்கு ஓடுகிறது, சாப்பிடும் நேரம் குறைகிறது, ஊட்டும் அழுத்தமும் இறங்குகிறது.

இதனோடு இன்னொரு கட்டுப்பாடும் சேர்கிறது. சாதாரண உறுப்புகள் தம்மைக் கடக்கும் ரத்தத்திலிருந்து கால்வாசி ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். நெருக்கடி வந்தால் கூடுதலாக உறிஞ்சலாம், கையில் சேமிப்பு இருக்கிறது. இதயத் தசை சும்மா இருக்கும்போதே 70 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சிவிடுகிறது. அதற்குச் சேமிப்பே இல்லை. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். அதுதான் இப்போது வராது.

தண்ணீர் இறங்கிய கிணற்றில் மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு ஓடினால் சூடேறி எரிந்துபோகும். முதல் கேள்விக்கு விடை இதுதான்: காலிலிருந்து ரத்தம் போனது, பட்டினி கிடந்தது இதயம்.

ஏன் மளமளவென்று ஏற்றுவதில்லை

டிரிப்ஸ் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் உப்புநீர். அதில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு இல்லை, ரத்தத்தை உறைய வைக்கும் பொருளும் இல்லை. இரண்டு மூன்று லிட்டர் வேகமாக ஏற்றினால் பிரஷர் எண் ஏறும். கூடவே இவையும் நடக்கும்:

1. காயத்தில் தட்டுத்தடுமாறி உருவான ரத்தக்கட்டி, கூடிய அழுத்தத்தில் பிய்த்துக்கொண்டு போகும். நின்ற ரத்தம் மறுபடி ஓடும்.
2. மிச்ச ரத்தம் நீர்த்துப்போய் உறையும் திறன் குறையும்.
3. அறை வெப்பநிலையில் இருக்கும் திரவம் உடலைக் குளிர்விக்கும்.
4. சாதாரண சலைனில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிஈக்விவலென்ட். நம் ரத்தத்தில் 100 அளவில்தான். அதிகமாக ஏற்றினால் ரத்தம் அமிலமாகும். அமிலத்தில் இதயத் தசையின் சுருங்கும் பலம் குறையும்.

உடல் குளிர்வது, ரத்தம் அமிலமாவது, உறையாமல் போவது ஆகிய மூன்றும் ஒன்றையொன்று வளர்த்துவிடும். மருத்துவர்கள் இதைக் கொல்லும் முக்கோணம் என்பார்கள். இப்போது நான்காவது முனையாகக் கால்சியக் குறைவையும் சேர்க்கிறார்கள். அது பின்னால் வருகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் நடந்த ஓர் ஆய்வு 1994-இல் வெளியானது. கத்தி, துப்பாக்கியால் உடற்பகுதியில் துளைபட்டுப் பிரஷர் இறங்கிய 598 பேரில், ஒரு பிரிவினருக்கு வழியிலேயே டிரிப்ஸ் ஏற்றினார்கள். இன்னொரு பிரிவினருக்கு அறுவை அரங்கு சேரும்வரை ஏற்றவில்லை. ஏற்றாதவர்களில் 70 சதவீதம் பிழைத்தார்கள், ஏற்றியவர்களில் 62 சதவீதம். துளைக் காயத்தில் கிடைத்த முடிவை எல்லா விபத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ‘முதலில் நிரப்பு’ என்ற பழைய பழக்கம் அசைந்தது அங்கேதான்.

இன்றைய நடைமுறையில், ரத்தம் கசியும் இடத்தை அடைக்கும்வரை மேல் பிரஷரை 80–90 அளவில் வைத்திருந்தால் போதும் என்று விடுகிறார்கள். நிதானமாக விடுவது அலட்சியம் என்று வெளியே தோன்றலாம். பல நேரம் அது கணக்குப் போட்டுச் செய்வது. முக்கியமான விதிவிலக்கு தலைக்காயம். மூளையில் அடிபட்டவருக்குப் பிரஷர் இறங்கவே கூடாது, அங்கே 110-க்குக் கீழே போகாமல் பார்க்கிறார்கள்.

இந்தக் கட்டத்தில் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற ஊசி மருந்தையும் சொல்ல வேண்டும். உருவான ரத்தக்கட்டி கரையாமல் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 40 நாடுகளில் 20,000-க்கும் மேற்பட்ட விபத்து நோயாளிகளிடம் சோதித்து 2010-இல் வெளியான முடிவுகளில் அது இறப்பைக் குறைத்தது. ஆனால் 3 மணி நேரத்துக்குள் போட வேண்டும். பிந்தைய கணக்கின்படி ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலனில் சுமார் 10 சதவீதம் கழிகிறது.

ரத்தப் பைக்குள் இருக்கும் சிக்கல்

ரத்தம் கிடைத்துவிட்டது. இனி என்ன பயம்?

தானமாகப் பெறும் ரத்தம் பையில் உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்க்கிறார்கள். சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. ஒன்றிரண்டு பை என்றால் கல்லீரல் சிட்ரேட்டைச் சிதைத்துவிடும். பத்து பை வேகமாக ஏறும்போது, அதுவும் கல்லீரலுக்கே ரத்தம் போதாத நிலையில், சிட்ரேட் தேங்கும். உடலின் கால்சியத்தையும் பிடித்துவிடும்.

கால்சியம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் 1880-களிலேயே, ஒரு தவறின் வழியாகக் கண்டுபிடித்தார். தவளையின் இதயத்தை வெளியே எடுத்து உப்புநீரில் வைத்துத் துடிக்க விட்டிருந்தார். காய்ச்சி வடித்த நீரில் கரைத்ததாக நினைத்தார். உதவியாளர் குழாய்த் தண்ணீரில் கரைத்திருந்தார். பின்னர் உண்மையிலேயே காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தியபோது துடிப்பு தளர்ந்து நின்றது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வித்தியாசம். ‘ரிங்கர் லாக்டேட்’ என்று ஆஸ்பத்திரியில் பார்க்கும் பாட்டிலின் பெயர் இவரிடமிருந்து வந்ததே.

அதனால் பல பை ரத்தம் ஏறும்போது இடையிடையே கால்சியம் ஊசியும் போக வேண்டும், ரத்தத்தில் கால்சியத்தை அளந்துகொண்டே இருக்க வேண்டும். இது செலவு குறைந்த மருந்து. பரபரப்பில் மறந்துபோவதும் சுலபம்.

இன்னும் இரண்டு:

1. பொட்டாசியம். பையில் நாள்பட நாள்பட சிவப்பணுவிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது. பழைய ரத்தம் இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய ரத்தக் குழாய் வழியாக மிக வேகமாக ஏறினால் துடிப்பு தாறுமாறாகி நிற்கக்கூடும். குழந்தைகளிடம் இந்த ஆபத்து அதிகம்.
2. குளிர். ரத்தப் பை 2 முதல் 6 டிகிரியில் இருக்கும். ஒரு பை அப்படியே ஏறினால் பெரியவரின் உடல் வெப்பம் சுமார் கால் டிகிரி இறங்கும். 32 டிகிரிக்குக் கீழே துடிப்பு தடுமாறத் தொடங்கும்; 28-க்குக் கீழே இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை வரும். வழியில் சூடேற்றி அனுப்பும் கருவி இதற்காகத்தான்.

சிவப்பணு மட்டும் ஏற்றினாலும் போதாது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவும், உறைய வைக்கும் தட்டணுக்களும் சேர்ந்தால்தான் ரத்தம் உறையும். மூன்றையும் சம அளவில் கொடுப்பதை அமெரிக்காவில் 680 பேரிடம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் இல்லை; ரத்தம் வடிந்து இறந்தவர்கள் மட்டும் சம அளவுப் பிரிவில் குறைவு. ‘ஒரு பாட்டில் ரத்தம் வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் தேடும்போது, தட்டணுவும் கேட்கிறார்களா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. அது 5 நாள்தான் தாங்கும், எல்லா ரத்த வங்கியிலும் கையிருப்பில் இருக்காது.

ரத்த ஓட்டம் திரும்பும் நேரம்

மூன்றாவது கேள்வியின் மீதி விடை இங்கே. நெடுநேரம் பட்டினி கிடந்த தசைக்குத் திடீரென்று ஆக்சிஜன் வந்தால் அது உடனே தெம்பாகிவிடுவதில்லை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா, வந்த ஆக்சிஜனைச் சரியாகக் கையாள முடியாமல், செல்லையே தாக்கும் மூலக்கூறுகளை உமிழும். செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகும். (வெளியே ரத்தத்தில் கால்சியம் பஞ்சம், உள்ளே வெள்ளம். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதுதான் இந்த நோயின் குரூரம்.) மூடிக் கிடந்த ஷட்டர்கள் திறந்தவுடன் கைகால்களிலும் குடலிலும் தேங்கிய அமிலமும் பொட்டாசியமும் மொத்தமாக இதயத்துக்கு வந்து சேரும். தசை உயிரோடு இருக்கும், ஆனால் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில், சோர்ந்து கிடக்கும்.

இந்தச் சேதத்தைத் தடுக்கும் மருந்து இருக்கிறதா? ஆய்வுக்கூடத்தில் பல உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி டாப்சன் குழு அடினோசின், லிடோகெய்ன், மெக்னீசியம் மூன்றையும் குறைந்த அளவு அடர் உப்புநீரில் கலந்து, ரத்தம் இழந்த விலங்குகளில் நல்ல பலன் கண்டது. நாயின் இதயத்துக்குச் சில நிமிடம் ரத்தத்தை நிறுத்தி நிறுத்தி விட்டால் பின்னால் வரும் பெரிய இழப்பை அது தாங்குகிறது என்று 1986-லேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே உத்தியில், மாரடைப்பு நோயாளிகளிடம் கையைப் பட்டையால் இறுக்கித் தளர்த்தும் முறையைப் பெரிய அளவில் சோதித்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில் பலன் இல்லை. சைக்ளோஸ்போரின் என்ற மருந்தும் 2015-இல் அதே போலத் தோற்றது. எலியில் பலித்தது மனிதரில் பலிக்காமல் போவது இந்தத் துறையில் வாடிக்கை. ‘இதயத்தைக் காக்கும் புதிய ஊசி’ என்று செய்தி வந்தால், யாரிடம் சோதித்தார்கள் என்று முதலில் பாருங்கள்.

இன்றைக்கு உண்மையில் கையில் இருக்கும் பாதுகாப்பு, பழைய வேலைகளைச் சரியான வரிசையில் செய்வதுதான்: கசிவை அடைப்பது, சூடாக வைப்பது, ரத்தத்தை ரத்தத்தால் ஈடுசெய்வது, கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் அளந்து திருத்துவது, நிரம்பியதும் நிறுத்துவது. கடைசியானதும் முக்கியம். சோர்ந்த இதயத்தில் அளவுக்கு மேல் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். எக்கோ என்ற இதய ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஏற்றுவது அதற்காக.

இதயம் நின்றேவிட்டால்? நெஞ்சை அழுத்துவதன் பலன் உள்ளே ரத்தம் இருந்தால்தான். ரத்தமே இல்லாத பம்பை அழுத்தினால் அதிகம் வெளியேறாது. எனவே காயத்தால் நின்ற இதயத்துக்கு, அழுத்துவதோடு சேர்த்து, கசிவை அடைப்பதற்கும் ரத்தம் ஏற்றுவதற்கும் முன்னுரிமை தருகிறார்கள். இது மருத்துவக் குழுவுக்கான கணக்கு. சாலையில் நிற்கும் நமக்கு, மூச்சில்லாமல் கிடப்பவர் எதனால் அப்படி ஆனார் என்று தெரியாது. ரத்தம் வரும் இடத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் நெஞ்சை அழுத்தலாம்.

குமரி மாவட்டத்தில் இது எங்கே வந்து நிற்கிறது

மாவட்டம் சிறியது. ஆனால் பெரும் ரத்தப்போக்கு நேரும் இடங்கள் நெருக்கமானவை அல்ல. குலசேகரம் பக்கம் விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போகும் பால்வடிப்புத் தொழிலாளி, தென்னையிலோ பனையிலோ இருந்து விழுபவர், தூத்தூர், வள்ளவிளை, நீரோடியிலிருந்து பல நாள் பயணமாக ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் கயிறோ தூண்டிலோ கிழித்துக் காயம்பட்டவர் என ஒவ்வொருவருக்கும் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி வெவ்வேறு தூரத்தில் இருக்கிறது. படகில் இருப்பவருக்குத் தூரம் மணிக்கணக்கில் அல்ல, நாள்கணக்கில். அங்கே இதயத்தைக் காக்கும் சிகிச்சை என்பது காயத்தை அழுத்தும் இரண்டு கைகள்தான்.

அதனால் வண்டி வருமுன் செய்வது:

1. சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து, முழுப் பலத்தோடு, விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று திறந்து திறந்து பார்க்க வேண்டாம்.
2. கைகாலில் பீறிட்டு வந்து அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்தின் மீது அல்ல, அதற்குச் சற்று மேலே உடல் பக்கமாக அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். மெல்லிய கயிறு வேண்டாம்.
3. 108-ஐ அழையுங்கள். படுக்க வைத்துப் போர்த்துங்கள். ஈரத் துணியைக் கழற்றுங்கள். நம் ஊர் வெயிலிலும் ரத்தம் இழந்தவர் உடல் குளிரும்.
4. சோடா, காபி, தண்ணீர் எதுவும் வாயில் வேண்டாம். அடுத்த மணிநேரத்தில் மயக்க மருந்து தேவைப்படலாம்.

சாலை விபத்து என்றால், தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்குக் குறிப்பிட்ட தொகை வரை கட்டணம் இல்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது; அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. எல்லையோர ஊர்களுக்கு அது பொருட்படுத்த வேண்டிய விஷயம்.

பிரசவ ரத்தப்போக்கு தனிக் கட்டுரைக்கான பொருள். ஒன்றை மட்டும் சொல்லலாம். கர்ப்ப காலத்தில் பெண்ணின் ரத்த அளவு ஏறக்குறைய பாதி கூடுகிறது. அதனால் மேலே சொன்ன இரண்டாவது படியின் ஏமாற்று இன்னும் நீளும். ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் அளவு குறித்த விரிப்பில் சேகரித்து அளந்து, அளவு தாண்டியதும் எல்லா சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கும் முறையை ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் சோதித்தார்கள். 2023-இல் வந்த முடிவு: கடும் ரத்தப்போக்கும் அதன் பின்விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன.

கடைசியாக, வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலோல், அட்டினோலோல் வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு, ரத்தம் இழந்தாலும் நாடி அவ்வளவாக வேகமாகாது. வகுத்துப் பார்க்கும் கணக்கு அங்கே பொய்யாகிவிடும். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் கசிவை நீட்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சுமார் 65–70 கிலோமீட்டர் அனுப்பும்போது கசிவு அடைக்கப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். அந்த மாத்திரை அட்டைகளை வீட்டில் தேடி எடுத்து, ஆம்புலன்ஸில் ஏறுபவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.